நேர்ச்சாலை தின்னும் டயர்

திண்டிவனம் புறவழிச்சாலையை ஒட்டிய டயர் கடைகளில், கழற்றி ஓரமாகப் போட்டிருக்கும் பெரிய பைக்குகளின் பின்சக்கர டயர்களைக் கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும். அநேகமாக எல்லாமே ஒரே விதத்தில் தேய்ந்திருக்கும். நடுப்பகுதியில் பட்டன் எனப்படும் பள்ளமேடுகள் முழுக்கப் போய்த் தட்டையாகியிருக்கும். இரண்டு ஓரங்களிலோ, தொழிற்சாலை அச்சிலிருந்து வரும்போது ஒட்டிக்கொண்டு வந்த மெல்லிய ரப்பர் முடிகள்கூட இன்னும் உதிர்ந்திருக்காது. “ஓரமெல்லாம் புதுசா இருக்குண்ணே, நடுவுலதான் போயிடுச்சு. இந்த ரோட்டுல ஓடுற வண்டிக்கெல்லாம் இப்படித்தான்” என்பார் கடைக்காரத் தம்பி. அவர் சொல்வது சரி. டயரின் ஆயுளைப் பற்றிய பாதி அறிவியல் அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது.

திண்டிவனத்திலிருந்து கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் வழியாக விழுப்புரம் வரை சுமார் 40 கி.மீ. நான்குவழிச் சாலை. சாய்ந்து திரும்ப வேண்டிய வளைவு அபூர்வம். கிளட்சைத் தொடாமல் டாப் கியரிலேயே போய்விடலாம். சென்னையிலிருந்து திருச்சிக்கும் மதுரைக்கும் போகும் சுற்றுலா பைக்குகள் மணிக்கணக்கில் இப்படியேதான் ஓடுகின்றன. மோட்டார் சைக்கிள் டயரோ வளைவில் சாய்வதற்காகவே உருண்டையாக வார்க்கப்பட்டது. நேராக ஓடும்போது அதன் முகடு மட்டும்தான் தரையைத் தொடும்.

அப்படித் தொடும் இடம் எவ்வளவு? ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியர் 650 வண்டியின் எடை 241 கிலோ. இரண்டு பேர், பைகள் எல்லாம் சேர்ந்தால் 400 கிலோவைத் தொட்டுவிடும். அதில் பின்சக்கரம் தாங்குவது 240 கிலோ என்றும், டயரில் காற்று 32 பி.எஸ்.ஐ. என்றும் வைத்துக்கொள்வோம். எடையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 100 சதுர செ.மீ. என்று வரும். ஓர் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். இழுப்பது, பிரேக் பிடித்து நிறுத்துவது, மழையில் வழுக்காமல் காப்பது எல்லாமே இந்தச் சிறு பரப்பின் வேலை.

ஓடும் சக்கரம் தரையில் துளியும் வழுக்குவதில்லை என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில், என்ஜின் இழுக்கும்போது பின்சக்கரத்தின் ரப்பர் தரையைப் பற்றி, நீண்டு, அந்த இடத்தை விட்டு எழும் நேரத்தில் நூலிழை அளவு வழுக்கித்தான் எழுகிறது. தேய்மானம் நடப்பது அங்கேதான். இழுக்கும் விசை இரட்டித்தால் இந்த வழுக்கலும் ஏறத்தாழ இரட்டிக்கும். உராய்வில் செலவாகும் ஆற்றல் என்பது விசையையும் வழுக்கலையும் பெருக்கி வருவது. எனவே அது நான்கு மடங்காகிறது. பிரிட்டனில் ரப்பர் தேய்மானத்தை ஆராய்ந்த அடால்ஃப் ஷல்லமாக், பக்கவாட்டு விசைக்கும் இதே உறவு பொருந்துவதை 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் சோதனை செய்து காட்டினார்.

இதை நம் சாலைக்குப் பொருத்திப் பார்க்கலாம். இருசக்கர வாகனங்களுக்கு இத்தகைய சாலைகளில் 2018ல் மத்திய அரசு அறிவித்த உச்ச வேகம் 80 கி.மீ. சாலை காலியாக இருந்தால் 110ஐத் தொடுபவர்கள் உண்டு. வேகம் கூடும்போது காற்றின் எதிர்ப்பு அதன் வர்க்கத்தில் கூடும். 80லிருந்து 110க்குப் போனால் எதிர்ப்பு 1.9 மடங்கு. அதை வெல்லத் தேவைப்படும் இழுவிசையும் அதே 1.9 மடங்கு. ஆகவே ஒவ்வொரு கிலோமீட்டரிலும் பின்டயரைத் தேய்க்கும் ஆற்றல் சுமார் மூன்றரை மடங்கு! டயர் உருள்வதற்கே செலவாகும் விசையையும் கணக்கில் சேர்த்தால் இந்த எண் சற்றுக் குறையும், போக்கு மாறாது. எந்த நிறுவனத்தின் எந்த டயரை வாங்கினாலும், கலவையின் தரத்தால் மட்டும் ஆயுள் மூன்றரை மடங்கு கூடிவிடாது. வலது கை மணிக்கட்டால் அது முடியும்.

அடுத்த எதிரி சூடு. வளைந்து நிமிரும் ரப்பர், வாங்கிய ஆற்றல் முழுவதையும் திருப்பித் தராது. ஒரு பகுதியை வெப்பமாக உள்ளேயே வைத்துக்கொள்ளும். மே மாதத்து விழுப்புரத்தில் காற்றே 40 டிகிரி. தார்ச்சாலையின் மேற்பரப்பு 60ஐத் தாண்டும். இந்த நிலையில் காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்குகிறது, கூடுதலாகச் சூடாகிறது, இளகிய ரப்பர் இன்னும் வேகமாகத் தேய்கிறது. உள்ளே இருக்கும் நைலான் அடுக்குகளும் தளர்கின்றன.

காற்று விஷயத்தில் பலரும் தலைகீழாக நடந்துகொள்கிறார்கள். காலையில் 28 டிகிரியில் 32 பி.எஸ்.ஐ. பிடித்துக்கொண்டு கிளம்புகிறோம். வெயிலிலும் ஓட்டத்திலும் டயருக்குள் இருக்கும் காற்று 60 டிகிரிக்கு ஏறினால், வாயு விதியின்படி மீட்டர் 37ஐக் காட்டும். மதியம் விக்கிரவாண்டியில் டீ குடிக்க நிறுத்தும்போது அதைப் பார்த்துப் பதறி, “கொஞ்சம் எறக்கி விடுங்க” என்று காற்றைக் குறைத்துவிட்டால் போச்சு. மறுநாள் காலை ஆறிய டயரில் 27 அல்லது 28தான் நிற்கும். பிறகு ஓடும் தூரமெல்லாம் குறைந்த காற்றில்தான். ஆறிய டயரில் மட்டுமே காற்றைப் பார்க்க வேண்டும் என்ற விதி இதற்காகத்தான். பின்னால் ஆள் ஏறினால், பை ஏறினால் எவ்வளவு கூட்ட வேண்டும் என்பது வண்டியின் கையேட்டிலேயே இருக்கிறது.

வெயில் ஒருபுறம் என்றால் மறுபுறம் மழை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்துக்குப் பக்கத்திலிருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. தென்பெண்ணை வெள்ளம் அரசூர் அருகே தேசிய நெடுஞ்சாலையில் ஏறி, போக்குவரத்தே நின்றுபோனது. அப்படிப்பட்ட நாளில் யாரும் பைக்கில் கிளம்ப மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையின் சாதாரண மாலை மழை போதும், சாலையில் நீர் தேங்க.

தேங்கிய நீரை விலக்க டயருக்கு நேரம் கிடைக்காவிட்டால், அது தரையை விட்டு நீரின்மேல் ஏறி மிதக்கத் தொடங்கும். நாசாவின் வால்டர் ஹோர்ன் 1963ல் விமான டயர்களுக்காக இதற்கு ஒரு வாய்பாட்டை வெளியிட்டார். மிதக்கத் தொடங்கும் வேகம் டயரின் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதே அதன் சாரம். 32 பி.எஸ்.ஐ. இருந்தால் அந்த வேகம் சுமார் 94 கி.மீ. காற்று 20க்கு இறங்கிவிட்டால் சுமார் 75 கி.மீ. பட்டனின் ஆழத்தைவிட நீரின் ஆழம் கூடுதலாக இருக்கும்போது பொருந்தும் கணக்கு இது. மோட்டார் சைக்கிள் டயர் உருண்டையாக இருப்பதால் நீரை இருபுறமும் கிழித்து ஒதுக்கும். அதனால் இன்னும் கொஞ்சம் தாங்கும். ஆனால் நேர்ச்சாலையில் நடுவே தட்டையாகத் தேய்ந்த டயர் அந்த உருண்டையைத்தான் முதலில் இழக்கிறது. பட்டனும் இல்லை, வடிவமும் இல்லை. வளைவில் சாய்க்கும்போதும் தட்டைப் பரப்பின் விளிம்பில் வண்டி ஒரு நொடி தயங்கி, பிறகு சட்டென்று விழுவதை ஓட்டுபவர் உணர்வார்.

இருசக்கர வாகன டயரின் பட்டன் ஆழம் 0.8 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது என்கிறது மோட்டார் வாகன விதி. பள்ளங்களுக்குள் சிறு மேடாகத் தெரியும் தேய்மானக் குறி அதற்குத்தான். புரட்டாசியிலேயே அந்தக் குறியை நெருங்கிவிட்ட டயரை, “தை வரைக்கும் ஓட்டிடலாம்” என்று தள்ளிப்போடுவதை நான் ஒப்ப மாட்டேன். பள்ளம் அதிகம் தேவைப்படும் மாதங்கள் அந்த நடுவில்தான் வருகின்றன.

சரி, மாற்று டயர் வாங்கப் போகிறோம். நீடித்து உழைக்கும் டயரைச் சுட்டும் எண் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. அமெரிக்காவில் கார் டயர்களின் பக்கவாட்டில் தேய்மானத் தர எண் பொறிக்கப்படுகிறது. மோட்டார் சைக்கிள் டயருக்கு அந்த விதி கிடையாது. எனவே “இது இருபதாயிரம் ஓடும்” என்று கடையில் சொல்வது அவரவர் அனுபவம் மட்டுமே. யாருடைய வண்டி, என்ன சுமை, என்ன வேகம் என்று கேட்டுத்தான் அதை எடைபோட வேண்டும்.

பொறித்திருக்கும் எண்களோ நிறையவே பேசும். சூப்பர் மீட்டியரின் பின்டயர் 150/80, 16 அங்குலம், 71 எச். முதலில் வருவது அகலமும், அதில் உயரம் எத்தனை சதவீதம் என்பதும். 71 என்றால் 345 கிலோ தாங்கும். எச் என்றால் 210 கி.மீ. வேகம் வரை. அதே அளவில் குறைந்த சுமை எண் கொண்ட டயர் மலிவாகக் கிடைத்தால் வாங்காதீர்கள். 62 என்றால் 265 கிலோதான், நாம் மேலே போட்ட 240க்கு அருகிலேயே வந்துவிடுகிறது. சுமை வரம்பை ஒட்டி ஓடும் டயர் சூடாகிக்கொண்டே ஓடும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தயாரான வாரத்தைச் சொல்லும் நான்கு இலக்கம் நீள்வட்டத்துக்குள் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23வது வாரம் பிறந்த டயர். ரப்பர் ஓடாமலே மூப்படையும். தள்ளுபடி விலை என்றால் முதலில் இந்த நான்கு இலக்கத்தைத் தேடுங்கள்.

கலவை பற்றிக் கேட்டால் தப்பில்லை. 1839ல் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கியபோதுதான் ரப்பர், வெயிலில் உருகி ஒட்டாத பொருளானது. பிறகு சேர்ந்த கார்பன் கரி அதற்குத் தேய்மானம் தாங்கும் வலுவைக் கொடுத்தது. 1990களில் பரவிய சிலிக்கா ஈரத்தில் பிடிப்பைக் கூட்டியது. கடினமான ரப்பர் நாள்பட உழைக்கும், ஆனால் ஈரத்தில் கைவிடும்; மென்மையானது பிடிக்கும், சீக்கிரம் கரையும். இரண்டையும் ஒரே டயரில் வைப்பதே இரட்டைக் கலவை முறை: நடுவில் கடினம், ஓரங்களில் மென்மை. நேர்ச்சாலையில் அதிகம் ஓடுபவருக்கு என் தேர்வு அதுதான். ரேடியல் டயர் குறைவாகச் சூடாகும். ஆனால் வண்டி தயாரிப்பாளர் அனுமதித்தால் மட்டுமே போட வேண்டும். முன்னே சாதா, பின்னே ரேடியல் என்று நம் இஷ்டத்துக்குக் கலக்கக் கூடாது.

இந்த வரலாற்றில் நம் ஊருக்கும் பங்குண்டு. மாம்மென் மாப்பிள்ளை 1946ல் சென்னை திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய கொட்டகைதான் எம்.ஆர்.எஃப். ஆனது. எம்.ஆர்.எஃப். 1952ல் இறங்கியது, தேய்ந்த டயருக்குப் புதுப் பட்டன் ஒட்டும் ரீட்ரெடிங்குக்கான ரப்பரில். டயர் வந்தது அதன் பிறகுதான். லாரிகளுக்கு ரீட்ரெடிங் இன்றும் நல்ல தொழில். சாய்ந்து ஓடும் பைக்குக்கு அது ஆகாது. தேய்ந்த டயரில் சூட்டுக்கத்தியால் மறுபடி பள்ளம் கீறி விற்பது அதைவிட ஆபத்து. கீறும் கத்தி, மிச்சமிருக்கும் ரப்பரைத்தான் தின்கிறது.

அமெரிக்காவில் 350 கிலோவைத் தாண்டும் ஹோண்டா கோல்ட் விங் போன்ற வண்டிகளில், ஆயுள் வேண்டும் என்பதற்காகவே பின்னால் கார் டயர் மாட்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பைக் ரிம்மின் விளிம்பும் கார் டயரின் விளிம்பும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு செய்யப்பட்டவை அல்ல. வளைவில் அதன் தட்டை முகம் ஒரு ஓரத்தில்தான் நிற்கும். ஓடுகிறது என்பதால் மட்டும் அது சரியாகிவிடாது. நம் பக்கத்தில் நடப்பது வேறு. பார்வைக்காக ஒரு சைஸ் அகலமாகப் போடுவது. குறுகிய ரிம்மில் அகல டயர் பிதுங்கி முகடு கூர்மையாகும். தரையைத் தொடும் நடுப்பகுதி இன்னும் ஒடுங்கி, இன்னும் சீக்கிரம் தேயும்.

கிராமத்துச் சாலைகளில் இறங்குபவர்கள் சீமைக் கருவேல முள்ளை மறக்கக் கூடாது. ஸ்போக் சக்கரத்தில் பெரும்பாலும் டியூப் இருக்கும். முள் குத்தினால் காற்று மளமளவென்று இறங்கிவிடும். டயரை மாற்றும்போதே டியூபையும் மாற்றிவிட வேண்டும். பழைய டியூப் நீண்டு போயிருக்கும். புது டயருக்குள் மடிந்து, மடிந்த இடத்திலேயே கிழியும். டியூப்லெஸ் டயரில் முள்ளோ ஆணியோ அடைத்துக்கொண்டு நிற்பதால் அடுத்த கடை வரை மெதுவாகப் போய்ச் சேரலாம். வால்வை மட்டும் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

மாட்டும்போது சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறியைப் பார்த்துவிட்டு, சக்கரத்தைப் பேலன்ஸ் செய்யச் சொல்ல வேண்டும். புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். முதல் 150 கி.மீ. வரை அழுத்தி முறுக்குவதும் திடீர் பிரேக்கும் வேண்டாம். அந்தத் தூரத்தை இந்த நான்குவழிச் சாலையில் கழிப்பதைவிட, திண்டிவனத்திலிருந்து செஞ்சி பக்கம் திருப்பிவிடுவது நல்லது. அங்கே ஊர்களும் வளைவுகளும் வருவதால் வேகம் தானாகவே மட்டுப்படும். கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்கச் சாய்க்க ஓரத்து ரப்பரும் பழகும். திரும்பி வந்த மறுநாள் காலை, வண்டியை எடுப்பதற்கு முன்பே காற்றை ஒருமுறை பாருங்கள். விளிம்பு ரிம்மில் சரியாக உட்காராமல் கசிந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.