கையில் இருக்கும்போதே பூட்டிக்கொள்ளும் வாட்ச்: ஒரு வரவு செலவுக் கணக்கு

ஆறு இலக்கப் பாஸ்கோடை ஒருமுறை அடிக்க 5 விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கட்டில் கட்டியிருக்கும்போதே ஓர் ஆப்பிள் வாட்ச் நாளுக்கு 20 தடவை தானாகப் பூட்டிக்கொண்டால், திறப்பதற்கே 100 விநாடி போய்விடும். ஆண்டுக்கு 36,500 விநாடி, அதாவது 10 மணி 8 நிமிடம். 40 தடவை பூட்டினால் 20 மணி 16 நிமிடம். 2025இல் சீரிஸ் 11 இந்தியாவுக்கு வந்தபோது அதன் தொடக்க விலை ₹46,900. நான்கு ஆண்டு உழைக்கும் என்று கொண்டால் நாளுக்கு ₹32. அதே ஆண்டில் ₹25,900க்கு வந்த எஸ்இ 3 என்றால் நாளுக்கு ₹18க்குச் சற்றுக் குறைவு.

இது எரிச்சலின் கணக்கு மட்டுமே. உண்மையான நட்டம் வேறிடத்தில் இருக்கிறது. பூட்டிக்கொண்ட வாட்ச், தன்னைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்கிறது. மேசைக்குத் துடிப்பு கிடையாது என்பதால் இதயத் துடிப்பை அளப்பதை நிறுத்திவிடுகிறது. வரும் செய்திகளைக் கைக்குக் கொண்டுவராமல் போனோடு விட்டுவிடுகிறது. நாளுக்கு ₹32 கொடுத்து வாங்கிய வேலை அந்த நேரங்களில் நடப்பதே இல்லை.

வாட்ச்சுக்கு இந்த எண்ணம் எப்படி வருகிறது? அதன் அடிப்புறக் கண்ணாடிக்குள் பச்சை எல்இடி விளக்குகளும் அகச்சிவப்பு விளக்குகளும் இருக்கின்றன. பச்சை விளக்கு விநாடிக்குப் பல நூறு முறை மின்னும். இரத்தம் பச்சை ஒளியை நன்றாக விழுங்கும். இதயம் அடிக்கும் நொடியில் தோலுக்கடியில் இரத்தம் கூடுவதால் திரும்பி வரும் ஒளி குறையும். அடுத்த நொடியில் இரத்தம் வடிந்ததும் ஒளி கூடும். நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் நாளுக்கு 1,03,680 தடவை இந்த ஏற்ற இறக்கம் நடக்கிறது. 30 முதல் 210 வரையிலான துடிப்பை இந்த சென்சாரால் எண்ண முடியும். திரும்பி வரும் ஒளியில் தோலின் அடையாளம் தெரியாமல் போனால், கழற்றிவிட்டார்கள் என்று முடிவுகட்டிப் பூட்டிக்கொள்கிறது. அமைப்புகளில் ‘பாஸ்கோடு’ பகுதிக்குள் ‘ரிஸ்ட் டிடெக்‌ஷன்’ என்ற பெயரில் இருப்பது இந்த ஏற்பாடுதான். திருடன் கழற்றிக்கொண்டு போனால் அவனால் பயன்படுத்த முடியாமல் செய்வதற்காகவே இதை வைத்தார்கள். ஆகவே கோளாறு பெரும்பாலும் பூட்டில் இருப்பதில்லை. கண்ணாடிக்கும் தோலுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

இதை உலகம் முதலில் தெரிந்துகொண்டது பச்சை குத்திய கைகளால். முதல் ஆப்பிள் வாட்ச் 2015 ஏப்ரல் 24 அன்று விற்பனைக்கு வந்தது. ஒரு வாரத்துக்குள் மணிக்கட்டில் அடர்த்தியாகப் பச்சை குத்தியிருந்தவர்களிடமிருந்து புகார் வரத் தொடங்கியது: வாட்ச் விடாமல் பாஸ்கோடு கேட்கிறது, கையை மாற்றிக் கட்டினால் கேட்பதில்லை. மையின் நிறமும் வடிவமும் அடர்த்தியும் சென்சாரின் ஒளியை மறைக்கக்கூடும் என்று நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் எழுதியது. மை தங்குவது தோலின் மேற்பரப்பிலிருந்து 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில். பச்சை ஒளி போய்த் திரும்பும் வழியும் ஏறக்குறைய அதுதான். கரியின் துகள் ஒளியை விழுங்கிவிடும். நம் ஊர்ப் பாட்டிகள் முன்கையில் குத்திக்கொண்ட கோலப் பச்சை பெரும்பாலும் வாட்ச் உட்காரும் இடத்துக்கு மேலேயே நின்றுவிடும், அதனால் தொல்லையில்லை. இன்றைக்கு மணிக்கட்டைச் சுற்றிக் கருப்புப் பட்டையாகப் போட்டுக்கொள்ளும் டாட்டூதான் வாட்ச்சோடு நேரடியாக மோதுகிறது.

டாட்டூ இல்லாத கைகளில் முதல் சந்தேகம் ஸ்ட்ராப்பின் மேல் விழ வேண்டும். இதைக் கணக்காகவே பார்க்கலாம். மணிக்கட்டை வட்டம் என்று கொண்டால், ஸ்ட்ராப்பின் சுற்றளவு தேவைக்கு மேல் 6 மில்லிமீட்டர் கூடினால் விட்டம் 1.9 மில்லிமீட்டர் கூடும். கையைத் திருப்பும்போது அந்த 1.9 மில்லிமீட்டரும் ஒரே பக்கம் சேர்ந்து வாட்ச்சின் அடியில் இடைவெளியாகிவிடும். ஒளி வேலை செய்யும் ஆழமே ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் என்பதை நினைத்தால், இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பது புரியும். சிறிய வாட்ச்சுக்கான ரப்பர் ஸ்ட்ராப்பில் சின்ன அளவு 130 முதல் 180 மில்லிமீட்டர் மணிக்கட்டுக்கு, பெரிய அளவு 150 முதல் 200 வரைக்கு. 150க்கும் 180க்கும் நடுவில் இருப்பவர்களுக்கு இரண்டுமே பொருந்தும். வசதியாக இருக்கட்டும் என்று பெரியதை எடுத்துத் தளர்வாகக் கட்டுகிறார்கள், பூட்டுத் தொல்லையும் கூடவே வருகிறது. கொக்கி இல்லாமல் இழுத்து மாட்டும் சோலோ லூப் 12 அளவுகளில் வருகிறது. அது நாளாக நாளாக நீளக்கூடியது, வாங்கிய அன்று சரியாக இருந்த அளவு ஓராண்டில் தளர்ந்திருக்கலாம். ஒரு துளை இறுக்கிக் கட்ட ஆகும் செலவு 0. ஸ்ட்ராப்பையே மாற்றினால் நிறுவனத்தின் சாதாரண வகை ₹4,500. வெல்க்ரோ போல ஒட்டும் துணி வகையில் துளைக்கணக்கே இல்லை, எந்த அளவுக்கும் இறுக்கலாம். மெலிந்த, எலும்பு துருத்திய மணிக்கட்டுக்கு நான் சொல்வது அதைத்தான். மணிக்கட்டு எலும்பின் மேலேயே கட்டாமல் முழங்கைப் பக்கமாக ஒரு விரல் தள்ளிக் கட்டினாலும் பலருக்குச் சரியாகிவிடும்.

அடுத்தது கயிறு. கோயிலில் கட்டிவிட்ட சிவப்புக் கயிறும் திருஷ்டிக்குக் கட்டிய கருப்புக் கயிறும் வாட்ச்சுக்கு அடியில் நழுவிப் போய்விட்டால், ஸ்ட்ராப்பை எவ்வளவு இறுக்கினாலும் கண்ணாடி தோலில் படியாது. கயிற்றை அறுக்க வேண்டியதில்லை, மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டால் போதும். வெள்ளி வளையமும் காப்பும் இதே வேலையைச் செய்யும். முழுக்கைச் சட்டையின் விளிம்பும் செய்யும்.

அழுக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வியர்வை உப்பு, சன்ஸ்கிரீன், கொசு விரட்டும் களிம்பு, கையில் தடவிய தேங்காய் எண்ணெய் எல்லாம் அடிப்புறக் கண்ணாடியில் படலமாகக் காய்ந்துபோகும். நல்ல தண்ணீரில் நனைத்த பஞ்சில்லாத துணி போதும். பிடிவாதமான படலத்துக்கு 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் துடைப்பான் பயன்படுத்தலாம், ஆனால் தோல் ஸ்ட்ராப்பிலும் துணி ஸ்ட்ராப்பிலும் அது படக்கூடாது. கீறல் விழாமலிருக்க அடிப்புறத்தில் யாராவது ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்திருந்தால் முதலில் அதை உரித்தெடுங்கள்.

திரையில் நீர்த்துளிச் சின்னம் தெரிந்து தொட்டால் வேலை செய்யவில்லை என்றால் அது வேறு பூட்டு. நீச்சலுக்கானது. பக்கத்திலுள்ள திருகைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் விலகிவிடும்.

காரணத்தைக் கண்டுபிடிக்கச் செலவில்லாத மூன்று சோதனைகள் போதும். துடைத்து, ஒரு துளை இறுக்கி, அதே கையில் அரை மணி நேரம். பிறகு மற்றக் கையில் அரை மணி நேரம். எந்தக் கை என்பதை அமைப்புகளில் மாற்றிக்கொள்ள மறக்காதீர்கள். பிறகு வீட்டில் வேறொருவர் கையில் அரை மணி நேரம். முதல் சோதனையிலேயே நின்றுவிட்டால் குற்றம் ஸ்ட்ராப்பிலோ அழுக்கிலோ. கை மாற்றியதும் நின்றால் தோலில். ஆள் மாறியும் பூட்டிக்கொண்டால்தான் வாட்ச்சின் மேல் கைகாட்ட நியாயம் இருக்கிறது. மொத்தம் ஒன்றரை மணி நேரம், ₹0. இந்த ஒன்றரை மணியைச் செலவிடாமல் நேரே சர்வீஸ் சென்டருக்குப் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. குளிரில் மட்டும் பூட்டிக்கொண்டால் சோதனையே வேண்டாம்: குளிரில் தோலுக்கு வரும் இரத்தம் குறைகிறது, கை சூடானதும் சரியாகும்.

இனி, பலரும் முதலில் கைவைக்கும் மருந்துக்கு வருவோம். ரிஸ்ட் டிடெக்‌ஷனை அணைத்துவிடுவது. ஆகும் நேரம் பத்து விநாடி, செலவு ₹0, பூட்டிக்கொள்ளும் தொல்லை அன்றே ஓய்ந்துவிடும். கணக்கேட்டின் வரவுப் பக்கம் மட்டும் பார்த்தால் இதைவிட மலிவான தீர்வு கிடையாது. செலவுப் பக்கத்தில் எழுதவேண்டியவை: பின்னணியில் இதயத் துடிப்பை அளப்பது நின்றுவிடும். துடிப்பு சீரில்லை என்ற எச்சரிக்கை வராது. உடலசைவுக் கணக்கில் சில அளவுகள் கிடைக்காது. கீழே விழுந்ததை வாட்ச் உணர்ந்தாலும் தானாக அவசர உதவியை அழைக்காது. ஆப்பிள் பே பயன்படுத்துவோர் ஒவ்வொரு முறை பணம் கட்டும்போதும் பாஸ்கோடு அடிக்க வேண்டும்.

இவற்றில் இரண்டுக்கு எடை போட்டுப் பார்க்கலாம். ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் இந்த வாட்ச்சை வைத்து நடத்திய இதய ஆய்வின் முடிவு 2019 நவம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தது. கலந்துகொண்டவர்கள் 4,19,297 பேர். சீரற்ற துடிப்பு என்ற எச்சரிக்கை வந்தது 2,161 பேருக்கு, 0.52 சதவீதம். வயதைப் பிரித்துப் பார்த்தால்தான் இந்த எண் பேசும்: 22 முதல் 39 வயது வரை 0.16 சதவீதம், 65 வயதும் அதற்கு மேலும் 3.1 சதவீதம். ஏறக்குறைய 19 மடங்கு. எச்சரிக்கை வந்தவர்களில் மார்பில் இசிஜி பட்டை ஒட்டி அனுப்பிய 450 பேரில் 34 சதவீதத்தினருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருப்பது பட்டையிலும் பதிவானது. பக்கவாதத்துக்கு வழிவிடும் நோய் அது. எச்சரிக்கை எல்லாமே மெய்யாகிவிடாது என்பதையும் அதே எண் சொல்கிறது. ஆனாலும் 30 வயது மகன் தன் வாட்ச்சில் இதை அணைப்பதும், 68 வயது அம்மாவின் வாட்ச்சில் அணைப்பதும் ஒரே செலவு ஆகாது.

விழுவதற்கான கணக்கு இன்னும் நேரானது. 2018இல் வந்த சீரிஸ் 4 முதல் ‘ஃபால் டிடெக்‌ஷன்’ என்ற இந்த வசதி இருக்கிறது. வயது 55 அல்லது அதற்கு மேல் என்று பதிவு செய்திருந்தால் வாட்ச் அதைத் தானாகவே இயக்கிவிடும். பலமாக விழுந்தவர் சுமார் ஒரு நிமிடம் அசையாமல் கிடந்தால், 30 விநாடி எண்ணி முடித்துவிட்டு அவசர எண்ணை அழைக்கும். இந்தியாவில் அது 112. ஆக, குளியலறையில் வழுக்கி விழுந்து மயங்கிய ஒருவருக்கு ஒன்றரை நிமிடத்தில் உதவிக்கு அழைப்பு போகும். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் ஊரில் தனியாக இருக்கும் பெற்றோருக்கு இந்த வாட்ச்சை வாங்கி அனுப்புவது பெரும்பாலும் இந்த ஒன்றரை நிமிடத்துக்காகத்தான். “எப்பப் பாத்தாலும் நம்பர் கேக்குதுப்பா” என்று அப்பா போனில் சலித்துக்கொண்டதும், வீடியோ அழைப்பில் வழிசொல்லி இந்த ஒரு பொத்தானை அணைக்க வைத்துவிடுகிறார்கள். சலிப்பு தீர்கிறது. எதற்காக வாங்கினார்களோ அதுவும் அன்றோடு போய்விடுகிறது, அது போனதற்கு ஒரு சத்தமும் வருவதில்லை. என்னை இந்தக் கணக்கை எழுத வைத்ததே இதுதான்.

பூட்டுத் தொல்லையைத் தாங்கவே முடியாத பெரியவருக்கு இதைவிடக் குறைந்த செலவில் ஒரு வழி உண்டு: ரிஸ்ட் டிடெக்‌ஷனை இயக்கத்திலேயே விட்டு, பாஸ்கோடை மட்டும் எடுத்துவிடுவது. பாஸ்கோடு இல்லாத வாட்ச்சுக்குப் பூட்டிக்கொள்ள வழியில்லை. கழற்றி வைத்தால் யாரும் செய்திகளைப் படிக்கலாம், ஆப்பிள் பே வேலை செய்யாது. வீட்டோடு இருப்பவருக்கு இது சின்ன விலை. ஆனால் சென்சாருக்குத் தோல் தெரியாத குறை அப்படியேதான் இருக்கும் என்பதால், ஸ்ட்ராப்பையும் கையையும் சரிசெய்த பிறகே இதற்கு வர வேண்டும். வெளியில் அலைபவர்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். 4 இலக்கப் பாஸ்கோடில் 10,000 சேர்க்கைகள். 10 தவறுக்குப் பிறகு அழிந்துவிடும்படி வைத்திருந்தால் குருட்டாம்போக்கில் அடிப்பவனுக்கு 1,000இல் ஒரு வாய்ப்பு; 6 இலக்கம் என்றால் லட்சத்தில் ஒன்று. அதை எடுத்துவிட்டால் ஒன்றுக்கு ஒன்று.

டாட்டூக்காரர்கள் சிலர் அடிப்புறக் கண்ணாடியில் எபாக்சி வில்லை ஒன்றை ஒட்டி சென்சாரை ஏமாற்றுகிறார்கள். வில்லை மலிவானதுதான். ஆனால் தோல் இருப்பதாக ஏமாந்த வாட்ச், கழற்றிய பிறகும் ஏமாந்தே இருக்கலாம், துடிப்பின் கணக்கையும் நம்ப முடியாது. கையின் உட்புறம் மை இல்லாத இடமிருந்தால் வாட்ச்சை அங்கே திருப்பிக் கட்டுவது இதைவிட எவ்வளவோ மேல்.

மூன்று சோதனையிலும் தோற்ற வாட்ச்சுக்கு மென்பொருள் வேலை மிச்சமிருக்கிறது. பக்கப் பொத்தானையும் திருகையும் சேர்த்து குறைந்தது 10 விநாடி அழுத்தி மறுதொடக்கம். அடுத்து அப்டேட்: சார்ஜரில் வைத்து, 50 சதவீதமாவது சார்ஜ் இருக்க வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால் போனிலிருந்து பிரித்து மறுபடி இணைப்பது, ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். அதற்கும் மேல் போனால் சென்சார் பழுது. வாரண்டி ஓராண்டு. அதற்குள் இருந்தால் பில்லோடு போய் மூன்று சோதனைகளின் முடிவையும் சொல்லுங்கள், பேச்சு சுருங்கும். ஓராண்டு கடந்திருந்தால் கட்டணத்தை முதலில் எழுத்தில் கேட்டு, ₹25,900 என்ற புது எஸ்இ விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பிரித்து இணைத்தவர்கள் அன்றைக்கே மூன்று இடங்களைத் திறந்து பார்க்க வேண்டும். ரிஸ்ட் டிடெக்‌ஷன் இயங்குகிறதா, ஃபால் டிடெக்‌ஷன் இயங்குகிறதா, போனின் மெடிக்கல் ஐடியில் அவசரத் தொடர்பு எண் யாருடையது. பிள்ளை நாடு மாறி எண்ணும் மாறியிருந்தால், விழுந்த பிறகு வாட்ச் அனுப்பும் செய்தி அந்தப் பழைய எண்ணுக்கே போகும்.