எஞ்சின் எண்ணெய்: பெயரா, தரமா?

டீசல் எஞ்சின் வைத்து நீர் இறைக்கும் அங்கத்தினர் பலருக்கு எழும் ஐயம் இது: விலை குறைந்த எண்ணெய் போதுமா, பெயர் பெற்ற கம்பெனியின் எண்ணெய்தான் வேண்டுமா?

எண்ணெயின் பணி உராய்வைக் குறைப்பது மட்டுமன்று. டீசல் எரிகையில் உண்டாகும் கரியைப் படியவிடாமல் தன்னுள் தாங்கிக்கொள்ளவும், எரிபொருளின் கந்தகத்தால் விளையும் அமிலத்தை முறிக்கவும் வேண்டும். இவற்றிற்கென எண்ணெயில் சில இரசாயனங்கள் சேர்க்கப்படுகின்றன. ஆகவே, எண்ணெய் கறுத்ததும் மட்டமானதென்று எண்ணற்க. அது கரியைச் சுமக்கிறது.

வாங்குமுன் டப்பாவில் இரு குறிகளைக் காண்க. 20டபிள்யூ-40 போன்ற எஸ்.ஏ.இ. எண் எண்ணெயின் குழம்புத்தன்மையைக் குறிக்கும். ஏ.பி.ஐ. தரக்குறி 'சி' எனத் தொடங்கினால் டீசல் எஞ்சினுக்கும், 'எஸ்' எனத் தொடங்கினால் பெட்ரோல் எஞ்சினுக்கும் உரியது. இரண்டும் எஞ்சின் கையேட்டில் கண்டவாறே இருந்து, தயாரிப்பாளர் முகவரியும் முத்திரையும் சரியாக இருப்பின், மலிவான எண்ணெயும் போதும். குறியில்லாச் சில்லறை எண்ணெயும், வடிகட்டி விற்கும் பழைய எண்ணெயும் எவ்விலைக்கும் வேண்டா. அவற்றால் மிஞ்சும் சில ரூபாய், பேரிங்கும் ரிங்கும் தேய்ந்தால் பன்மடங்காகக் கைவிட்டுப் போகும். அதுவும் பயிர் வாடும் நாளில்.

எவ்வெண்ணெயாயினும் உரிய மணிக்கணக்கில் மாற்றுதல் அவசியம். அங்கத்தினர் கூடிச் சங்கத்தின் வழியே முத்திரையிட்ட பீப்பாயாக வாங்கின், தரமும் சிக்கனமும் ஒருங்கே கிட்டும்.