திறந்த படகும் திமிங்கிலமும்

நுழையும்முன்

பெரிய கப்பலில் செல்வோர் திமிங்கிலத்தை மேலிருந்து நோக்குவர். திறந்த சிறுபடகில் செல்வோரோ, அது தலையுயர்த்தும்போது அதன் கண்ணுக்கு நேராக அமர்ந்திருப்பர். மெக்சிகோ நாட்டுக் காயல் ஒன்றில் ஆண்டுதோறும் நிகழும் இச்சந்திப்பு, காட்டுயிரை மனிதன் எவ்வாறு அணுகுதல் வேண்டும் என்பதை விளக்குகிறது.

வலசையின் முடிவிடம்

மெக்சிகோவின் வடமேற்கில் பசிபிக் பெருங்கடலை ஒட்டி நீண்டு கிடப்பது பாஹா கலிபோர்னியா தீபகற்பம். பாலைநிலம் சூழ்ந்த அதன் மேற்குக் கரையில் சான் இக்னாசியோ காயல் அமைந்துள்ளது. கோடையில் வடதுருவத்தை அடுத்த கடல்களில் இரைதேடும் சாம்பல் திமிங்கிலங்கள், குளிர்காலத்தில் இக்காயலை நாடி வருகின்றன. அவை சென்று மீளும் தொலைவு 16,000 கிலோமீட்டருக்கும் மேலாகும். பாலூட்டிகளின் மிக நீண்ட வலசைகளுள் இதுவும் ஒன்று.

அலையடங்கிய, ஆழம் குறைந்த காயல்நீர் கன்றுகள் வளர்வதற்கு ஏற்றது. பிறக்கும்போதே கன்று ஏறத்தாழ நான்கரை மீட்டர் நீளம் இருக்கும். கொழுப்பு மிகுந்த தாய்ப்பாலைக் குடித்து அது விரைந்து வளரும். தாயோ, வடகடலில் உண்டு உடலில் சேர்த்துவைத்த கொழுப்பைக் கொண்டே பெரும்பாலும் இரையின்றிக் காலம் கழிக்கும்.

காத்திருக்கும் படகு

இக்காலத்தில் உள்ளூர் மீனவர்கள் ‘பங்கா’ எனப்படும் மீன்பிடி படகுகளில் பார்வையாளர்களை அழைத்துச் செல்கின்றனர். பங்காவிற்கு மேற்கூரை இல்லை. அதன் நீளம் ஏழெட்டு மீட்டர். வளர்ந்த திமிங்கிலமோ பன்னிரண்டு மீட்டரைக் கடந்தது, முப்பது டன்னுக்கு மேலும் எடை கொள்வது. அது வாலை ஒருமுறை வீசினாலே படகு தாங்காது. ஆகவே, படகோட்டியின் முதற்கடமை பொறுமையே.

தொலைவில் இதய வடிவில் எழும் நீராவி மூச்சே திமிங்கிலத்தின் முதல் அடையாளம். அதனைக் கண்டதும் படகோட்டி வேகத்தைக் குறைப்பார். அதன் வழியில் குறுக்கிடார். தாய்க்கும் கன்றுக்கும் இடையே புகார். பின்னர்ப் படகை நகர்த்தாமல் இயந்திரத்தை மெல்ல ஓடவிட்டுக் காத்திருப்பார். படகு இருக்குமிடத்தை அவ்வொலியால் திமிங்கிலம் அறிந்துகொள்ளும். காயலின் வாய்ப்பகுதியில் மட்டுமே பார்வையாளர் படகுகள் செல்லலாம். உட்பகுதி தாய்க்கும் கன்றுக்கும் உரியது.

அருகில் வருவதும் விலகிச் செல்வதும் திமிங்கிலத்தின் விருப்பம். சிலவேளை, கைநீட்டித் தொடும் அளவிற்கு அது படகை நெருங்கும். கன்றைத் தாயே படகின் பக்கம் உந்திவிடுவதும் உண்டு.

குருதி தோய்ந்த காலம்

19ஆம் நூற்றாண்டில் இக்காயல்களுக்குள் வந்த சிறுபடகுகள் எறியீட்டிகளை ஏந்தி வந்தன. 1857ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கக் கப்பல் தலைவர் சார்லஸ் ஸ்காமன், இத்தீபகற்பத்தின் ஓஹோ தே லியேப்ரே காயலில் வேட்டையைத் தொடங்கினார். விரைவில் பிற காயல்களும் வேட்டைக்களங்களாயின. கன்றைக் காக்கத் தாய்த் திமிங்கிலங்கள் படகுகளை மோதி உடைத்தன. வேட்டையாடியோர் அவற்றிற்குப் ‘பேய்மீன்’ எனப் பெயரிட்டனர். தாயன்பிற்கு அவர்கள் இட்ட பழிப்பெயர் அது. விளக்கெரிக்கும் எண்ணெய்க்காக நிகழ்ந்த இவ்வேட்டையால் இவ்வினம் அழிவின் விளிம்பை எட்டியது. 20ஆம் நூற்றாண்டில் உருவான பன்னாட்டு உடன்படிக்கைகளே அதனைக் காத்தன.

வேட்டை நின்ற பின்னும் மீனவர்களின் அச்சம் நீங்கவில்லை. 1972ஆம் ஆண்டில் சான் இக்னாசியோ மீனவர் பிரான்சிஸ்கோ மயோராலின் படகருகே ஒரு திமிங்கிலம் வந்து நின்றது. அவர் தயங்கித் தயங்கிக் கையை நீட்டித் தொட்டார், அது விலகவில்லை. அச்சம் நட்பாக மாறியதன் தொடக்கமாக அந்நிகழ்வு இன்றும் போற்றப்படுகிறது.

காப்பும் கவலையும்

1993இல் இக்காயல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. இங்கே மாபெரும் உப்பு ஆலை அமைக்கும் திட்டம் எழுந்தபோது உள்ளூர் மக்களும் சூழலியல் அமைப்புகளும் எதிர்த்தனர். 2000ஆம் ஆண்டில் மெக்சிகோ அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது.

ஆயினும், கவலை தீரவில்லை. 2016இல் ஏறத்தாழ 27,000 ஆக இருந்த இத்திமிங்கிலங்கள், 2025இல் ஏறத்தாழ 13,000 எனக் குறைந்துள்ளதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. புவி வெப்பமாதலால் வடகடலில் இரை குறைந்துவருவதே முதன்மையான காரணமாகக் கருதப்படுகிறது. இரையற்ற தாய், கன்றைப் பேண இயலாது. படகோட்டி காயலில் கடைப்பிடிக்கும் கட்டுப்பாட்டை உலகம் தன் எரிபொருள் நுகர்விலும் கடைப்பிடித்தால்தான் வருங்காலத் தலைமுறையும் இக்காயலில் கன்றுகளைக் காணும்.

தெரிந்து தெளிவோம்

‘திமி’ என்னும் பெருமீனை விழுங்குவது என்பதே ‘திமிங்கிலம்’ என்னும் வடசொல்லின் பொருள். ஆனால், சாம்பல் திமிங்கிலம் உண்பது கடலடிச் சேற்றில் வாழும் சிற்றுயிரிகளையே. சேற்றோடு அவற்றை உறிஞ்சி, மேல்தாடையில் சீப்புப்போல் தொங்கும் தகடுகளால் வடிகட்டி உண்ணும்.