அழுத்தினால் மின்சாரம்: லைட்டர் முதல் சோனார் வரை

சமையலறையில் 'டக்' என்று ஒலிக்கும் எரிவாயு லைட்டரில் பேட்டரி இல்லை. பொத்தானை அழுத்தியதும் உள்ளிருக்கும் சிறு சுத்தியல் செராமிக் துண்டின் மீது மோதுகிறது. அப்போது எழும் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தமே தீப்பொறியாகிறது.

பீசோ மின்விளைவு எனப்படும் இப்பண்பை 1880-இல் பிரான்ஸின் ஜாக், பியர் கியூரி சகோதரர்கள் குவார்ட்ஸ் உள்ளிட்ட படிகங்களில் கண்டறிந்தனர். மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் உருமாறும் என்பதும் அடுத்த ஆண்டே உறுதியானது. இந்த எதிர்விளைவைக் கொண்டே, முதல் உலகப் போரின்போது பால் லாஞ்செவின் நீருக்கடியில் மீயொலியை அனுப்பி எதிரொலியைப் பதிவு செய்தார். சோனாரும் மருத்துவமனை ஸ்கேன் கருவியும் இவ்வழி வந்தவையே.

குவார்ட்ஸைவிடப் பன்மடங்கு வலிய விளைவைத் தரும் பிஇசட்டி செராமிக் 1950-களில் உருவானது. அதன் எடையில் பாதிக்கும் மேல் ஈயம் என்பதுதான் சிக்கல். மின்னணுப் பொருள்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்திய ஐரோப்பிய ஒன்றியம்கூட, ஈடான மாற்று இல்லாததால் இதற்கு விலக்கு அளித்தது. நடைபாதையில் மின்சாரம் எடுக்கும் திட்டங்கள் அவ்வப்போது பேசப்பட்டாலும், ஒரு காலடியில் கிடைக்கும் ஆற்றல் மிகச் சொற்பமே.

மாற்றுப் பொருள்களுக்கான தேடலில் இந்தியாவும் உள்ளது. கொல்கத்தா ஐஐஎஸ்இஆர், கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் உருவாக்கிய ஈயமற்ற கரிமப் படிகம் குறித்து 2021-இல் 'சயின்ஸ்' இதழில் கட்டுரை வெளியானது. அது உடைந்தால், பிளந்த முகங்களில் தோன்றும் எதிரெதிர் மின்னூட்டங்கள் துண்டுகளை ஈர்த்து, மில்லி விநாடிகளில் மீண்டும் ஒட்டவைக்கின்றன.