நகரம் வளர்கிறது, நமது பங்கு எங்கே?

பூவிருந்தவல்லி என்னும் பெயரே பூந்தமல்லி என மருவிற்று என்பர் பெரியோர். பதினோராம் நூற்றாண்டில் இவ்வூரில் தோன்றிய திருக்கச்சி நம்பிகள், நந்தவனம் அமைத்து மலர் தொடுத்துக் காஞ்சி வரதராஜப் பெருமாளுக்குச் சாத்தி வந்தார் என்பது வைணவ மரபு. இன்று அங்கே நந்தவனத்தைத் தேடிச் செல்வோர், அடுக்குமாடி வீடுகளையும், சரக்கு லாரிகளையும், மெட்ரோ ரயில் தூண்களையுமே காண்பர். இம்மாறுதல் நமக்கு நன்மையா, தீமையா? அங்கத்தினர் பலருடைய உள்ளத்திலும் எழும் இக்கேள்வியைச் சற்று ஆராய்வோம்.

முதலில் நன்மையைக் கூறுவதே முறை. பல தொழில்கள் அருகருகே அமையும்பொழுது அவை ஒன்றுக்கொன்று துணையாகின்றன. 1949-இல் தோன்றிய சைக்கிள் கம்பெனி அம்பத்தூரில் ஆலை நிறுவிற்று. 1960-களில் அங்கே தொழிற்பேட்டை எழுந்தது. 1965-இல் ஆவடித் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பெரிய ஆலை ஒன்று வந்தால், அதற்கு வேண்டிய திருகும் வார்ப்பும் செய்து கொடுக்கப் பல சிறு பட்டறைகள் சூழ்கின்றன. ஓரிடத்தில் கற்ற தொழில் மற்றோரிடத்திலும் சோறு போடுகிறது. வருமானம் உயர்வதற்கு இதுவே காரணம். 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி, இந்தியாவில் நூற்றுக்கு 31 பேரே நகரவாசிகளாயிருக்க, தமிழ்நாட்டில் 48 பேர் நகரங்களில் வாழ்ந்தனர்.

நகரவாசிகள் உண்ணவும் உடுக்கவும் வேண்டுமன்றோ? ஆகவே நகரம் பெருகுவது நமது சரக்குக்குச் சந்தை பெருகுவதேயாகும். ஆனால் சந்தை அருகில் இருப்பதனால் மட்டும் நல்ல விலை கிடைத்துவிடாது. 1996-இல் திறக்கப்பெற்ற கோயம்பேடு அங்காடிக்கு விடியுமுன் மல்லிகைக் கூடையுடன் செல்லும் தனி விவசாயியை எண்ணிப் பாருங்கள். பூவோ மாலைக்குள் வாடும். தரகர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புவதன்றி அவருக்கு வேறு வழியில்லை.

பாலும் அவ்வாறே விரைவில் கெடும் பொருள்தான். எனினும் 1927-இல் சென்னையில் கூட்டுறவுப் பால் சப்ளை யூனியன் ஏற்பட்டது. பின்னர், கிராமச் சங்கம், மாவட்ட ஒன்றியம், 1981-இல் அமைந்த மாநில இணையம் என மூன்று படிகளில் அவ்வமைப்பு வளர்ந்தது. அதனால் ஒரு மாடு வைத்திருப்பவரும் நகரத்துக்குப் பால் விற்க வழி பிறந்தது. நெசவாளர்க்கும் 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் இத்தகைய துணையாயிற்று. தறியில் அமர்ந்தவர் நகரத்தில் கடை வைக்க இயலாது. சங்கங்கள் கூடினால் இயலும்.

இனி, கசப்பானதையும் கூறத்தான் வேண்டும். நகரம் நமது சரக்கை மட்டும் கேட்பதில்லை. நிலத்தையும் நீரையும் கேட்கிறது. வயலுக்குப் பாய்ந்த செம்பரம்பாக்கம் ஏரி இன்று சென்னையின் தாகம் தீர்க்கிறது. நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் 2007-இல் அங்கே அமைந்தது. குடிநீரை யாரும் மறுக்க முடியாது. ஆனால் நீர் குறைந்த வயலை ஒவ்வொருவராக அவசரத்தில் விற்கும்பொழுது, விற்றவருக்குக் கிடைப்பது அன்றைய விலை. சாலையும் ரயிலும் வந்தபின் ஏறும் விலையோ வாங்கியவரைச் சேர்கிறது. கையில் வந்த பணம் கல்யாணத்துக்கும் கடனுக்கும் கரைந்தபின், தமது பழைய வயலில் எழுந்த கட்டடத்துக்கே காவற்காரராகும் நிலை ஒருவருக்கு வருமாயின், அதை வளர்ச்சி என்று எங்ஙனம் கூறுவது?

இதற்கு மாற்று வழி உண்டு என்பதைப் புனாவை அடுத்த மகர்பட்டா விவசாயிகள் காட்டினர். நகரம் தங்கள் வயலை நெருங்கியபொழுது, சுமார் 120 குடும்பத்தினர் 400 ஏக்கர் அளவுள்ள நிலத்தைத் தனித்தனியே விற்காமல் ஒன்று சேர்த்தனர். தாங்களே கம்பெனி அமைத்து, நிலத்தின் அளவுக்கேற்பப் பங்கு பெற்று, 2000-ஆம் ஆண்டையொட்டி நகரியம் ஒன்றைக் கட்டத் தொடங்கினர். நிலத்தின் விலை ஏறியபொழுது ஆதாயத்தில் அவர்களுக்கும் பங்கு கிடைத்தது. நிலமில்லாத உழவுத் தொழிலாளருக்கு இம்முறை தானே வழி செய்யாது என்பதையும் மறத்தலாகாது. அவர்கள் பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சி அளிப்பதும் சங்கங்களின் கடமையே.

1904-இல் திருவள்ளூரை அடுத்த திரூரில் கிராமக் கடன் சங்கமும், காஞ்சிபுரத்தில் நகர வங்கியும் தோன்றின. நாட்டின் முதற் கூட்டுறவுச் சங்கங்களுள் வைத்து எண்ணப்படும் அவ்விரண்டும் பூந்தமல்லிக்குத் தொலைவில் இல்லை. கிராமமும் நகரமும் ஒரே ஆண்டில் ஒரே வழியைக் கண்டன. நகர வளர்ச்சியை நாம் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டுவதில்லை. அங்கத்தினர்களே, நிலத்தை விற்கும் பத்திரத்தில் கையெழுத்திடுமுன், அடுத்த வயற்காரரையும் சங்கத்தையும் ஒருமுறை கலந்துகொள்ளுங்கள். தனித்து நின்றால் நகரம் நம்மை விழுங்கும். கூடி நின்றால் அதன் ஆக்கத்தில் நமக்கும் பங்குண்டு.