நிரல் விழுங்கிய குரல்கள்

ருவாண்டாவில் மாதத்தின் கடைசி சனிக்கிழமை காலை, அக்கம்பக்கத்தார் மண்வெட்டியும் துடைப்பமுமாக வெளியே வருவார்கள். வாய்க்கால் தூர்வாருவது, சாலையோரத்தைச் சுத்தம் செய்வது என ஊர் வேலையை எல்லாரும் சேர்ந்து செய்வார்கள். இதற்கு ‘உமுகாண்டா’ என்று பெயர். அந்நாட்டில் இயங்கும் ஓர் அமைப்பு இந்தப் பெயரையே எடுத்துக்கொண்டு ‘டிஜிட்டல் உமுகாண்டா’ ஆனது. அது மக்களிடம் கேட்டது குரலை.

கேட்ட விதம் எளிமையானது. கைப்பேசித் திரையில் ஒரு வாக்கியம் தோன்றும். அதை நீங்கள் வாசித்துப் பதிவு செய்ய வேண்டும். வேறு இருவர் அதைக் கேட்டு, சரியாக வாசித்திருக்கிறார் என்று வாக்களித்தால் பதிவு ஏற்கப்படும். மொசில்லா 2017ல் தொடங்கிய ‘காமன் வாய்ஸ்’ திட்டம் இப்படித்தான் நடக்கிறது. அதில் கின்யருவாண்டா மொழிப் பதிவுகள் மட்டுமே 2,000 மணி நேரத்தைத் தாண்டிவிட்டன. யொரூபா, ஹவுசா, லுகாண்டா, சுவாஹிலி மொழிகளும் இருக்கின்றன. பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் மென்பொருள் உருவாக்க நினைக்கும் எவரும் இவற்றை இலவசமாகப் பயன்படுத்தலாம். நீங்கள் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவராக இருந்தாலும் சரி, பணி ஓய்வுக்குப் பிறகு பைத்தான் கற்றுக்கொள்பவராக இருந்தாலும் சரி.

ஆனால் அந்தக் குரல்கள் மென்பொருளின் காதுக்குப் போய்ச்சேர ஒரு சின்ன நிரல் வேண்டும். ஒலிக்கோப்பு ஒருபக்கம், வாசித்த வாக்கியங்களின் பட்டியல் இன்னொருபக்கம். இரண்டையும் இணைத்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுக்கும் நிரல். நாற்பது, ஐம்பது வரிக்குள் முடிந்துவிடும். யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளாத எடுபிடி வேலைதான். ஆனாலும் இதில் செய்யும் பிழைகளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அவை சத்தம் போடாது. நிரல் நிற்காது, சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வராது. வேலை முடிந்தது என்று நீங்கள் தூங்கப் போய்விடுவீர்கள்.

பட்டியல் கோப்பைத் திறந்து பாருங்கள். ஒரு வரிக்கு ஒரு பதிவு. பேசியவரின் அடையாளக் குறி, ஒலிக்கோப்பின் பெயர், வாக்கியம், ஆதரவு வாக்கு, எதிர்ப்பு வாக்கு, வயது, பாலினம் என்று கட்டங்கள். வயதும் பாலினமும் கட்டாயமில்லை. பலர் வெற்றாக விட்டிருப்பார்கள். வகுப்பில் நமக்குச் சொல்லித்தரும் முதல் பாடம் என்ன? ‘வெற்றுக் கட்டம் உள்ள வரிகளை நீக்கு.’ அந்த ஒரு கட்டளையைப் பழக்கதோஷத்தில் எழுதினால், வயதைச் சொல்ல விரும்பாத ஒவ்வொருவரின் குரலும் வெளியேறிவிடும். குரல் கொடுத்தவர் செய்த பிழை எதுவும் இல்லை.

அடுத்தது மேற்கோள் குறி. நான் முதன்முதலில் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். அட்டவணையைப் படிக்கும் பல நூலகங்கள், ஒரு கட்டம் இரட்டை மேற்கோள் குறியுடன் தொடங்கினால், மூடும் குறி வரும்வரை எல்லாமே அந்தக் கட்டத்துக்குள் அடக்கம் என்று எடுத்துக்கொள்ளும். யாரோ ஒருவர் பேசுவதுபோன்ற வாக்கியம் திறந்த குறியோடு தொடங்கி, மூடாமல் விடப்பட்டிருந்தால் போதும். அடுத்த குறி எங்கே வருகிறதோ அதுவரை உள்ள வரிகள் அத்தனையும் ஒரே வாக்கியமாகச் சுருண்டுவிடும். மேற்கோள் குறிக்குத் தனிப்பொருள் கொடுக்காதே என்று நூலகத்திடம் சொல்லிவிட்டால் தீர்ந்தது. கோப்பில் எத்தனை வரி, நிரல் ஏற்றியது எத்தனை வரி என்று எண்ணிப் பார்க்காமல் இந்தக் கோளாறு கண்ணில் படாது. நான் எண்ணிப் பார்த்தது தற்செயலாகத்தான்.

இனி ஒலிக்கு வருவோம். காமன் வாய்ஸ் கோப்புகள் பல, வினாடிக்கு 48,000 ஒலி மாதிரிகள் கொண்டவை. விஸ்பர் போன்ற பேச்சறி மாதிரிகளோ 16,000தான் எதிர்பார்க்கின்றன. மாற்றாமல் அப்படியே கொடுத்தால் 10 வினாடிப் பேச்சு 30 வினாடியாக இழுபடும், பேட்டரி இறங்கிய கேசட் பாடுவதுபோல. கணினி அதையும் முகம் சுளிக்காமல் படித்துக்கொள்ளும். எனவே ஏற்றும்போதே மாதிரி வீதத்தை மாற்றச் சொல்லுங்கள். கூடவே ஒரு கணக்கு: 16,000 மாதிரி, ஒவ்வொன்றுக்கும் 2 பைட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 115 மெகாபைட். கின்யருவாண்டாவின் 2,000 மணி நேரத்துக்கு 230 கிகாபைட். உங்கள் மடிக்கணினியின் நினைவகம் தாங்காது. அதனால் பட்டியலை மட்டும் முதலில் படித்து, ஒலியைத் தேவைப்படும்போது ஒவ்வொன்றாகத் திறக்கும்படி எழுதுவதே வழக்கம்.

எனக்கு மிகவும் உறுத்துவது எழுத்தைச் ‘சுத்தம்’ செய்யும் வரிதான்.

நைஜீரியாவின் தென்மேற்கிலும் பெனினிலும் பேசப்படும் யொரூபா, தொனி மொழி. சீனத்தைப் போலவே குரலின் ஏற்ற இறக்கம் சொல்லின் பொருளை மாற்றும். உயர்தொனிக்கு உயிரெழுத்தின் தலைமேல் வலப்பக்கம் ஏறும் கோடு, தாழ்தொனிக்கு இறங்கும் கோடு, இடைத்தொனிக்குக் குறியில்லை. தவிர, திறந்த ஒலியைக் காட்ட எழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி. ‘ஒகொ’ என்று நாம் தோராயமாக எழுதக்கூடிய ஒரே எழுத்துக்கூட்டில், தொனிக்கேற்பக் கணவன், மண்வெட்டி, வண்டி என்று மூன்று சொற்கள் இருக்கின்றன. கீழ்ப்புள்ளியை எடுத்துவிட்டால் அது வயல்.

ஆங்கிலத் தரவுக்கு எழுதிப் பழகிய நிரல்களில் ‘மேல்குறி, கீழ்க்குறிகளை நீக்கு’ என்று ஒரு வரி அடிக்கடி இருக்கும். அங்கே அதனால் பெரிய நட்டமில்லை. யொரூபாவில் அதே வரி கணவனையும் மண்வெட்டியையும் வண்டியையும் வயலையும் ஒன்றாக்கிவிடும். வாசித்தவர் தொனியைச் சரியாக உச்சரித்திருப்பார். இருவர் கேட்டு ஒப்புதலும் தந்திருப்பார்கள். காதுக்கு வரும் வேறுபாடு எழுத்தில் இல்லாததால், தொனியைப் பொருட்படுத்தாதே என்றுதான் கணினி கற்றுக்கொள்ளும்.

தொலைதூரத்து மொழிக்கு நேரும் சிக்கல் என்று நினைக்காதீர்கள். யூனிகோட் முறையில், எழுத்தோடு ஒட்டி நிற்கும் குறிகளுக்கென ஒரு வகைப்பாடு உண்டு. நமது மெய்யெழுத்துப் புள்ளியும் ஈகாரக் குறியும் யொரூபாவின் தொனிக்கோடுகள் இருக்கும் அதே வகையில்தான் வருகின்றன. அந்த வகையை மொத்தமாக நீக்கும் வரி தமிழில் ஓடினால் ‘மீன்’ என்பது ‘மன’ என்று வந்து நிற்கும்.

கின்யருவாண்டாவில் இதற்கு ஈடானது ஒற்றை மேற்கோள் குறி. இரண்டு உயிரொலி சந்திக்கும்போது ஒன்று மறையும். மறைந்த இடத்தை அந்தக் குறி காட்டும். ‘ந’ என்ற இணைப்புச்சொல்லும் ‘அபானா’ என்ற சொல்லும் சேர்ந்து, நடுவே குறியோடு எழுதப்பட்டால் ‘பிள்ளைகளும்’ என்று பொருள். நிறுத்தக்குறிகளை நீக்கும் வரி இதையும் தூக்கி எறிந்து, இரண்டு சொல்லை ஒன்றாக ஒட்டிவிடும். அதேநேரம் சும்மா விடவும் முடியாது. சிலர் நேர்க்குறி, சிலர் வளைகுறி தட்டச்சு செய்திருப்பார்கள். கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு எழுத்து. இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றுங்கள், நீக்காதீர்கள்.

யொரூபாவுக்கும் இதே மருந்துதான். புள்ளியும் தொனிக்கோடும் கொண்ட ஓர் எழுத்தைச் சிலர் இரண்டு குறியீடுகளாலும் சிலர் மூன்று குறியீடுகளாலும் தட்டியிருப்பார்கள். திரையில் வித்தியாசமே தெரியாது. தமிழில் ‘கொ’ எழுதும்போதும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் தட்டலாம், ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாகப் பிரித்தும் தட்டலாம். இவற்றை ஒருமைப்படுத்தும் கட்டளை பைத்தானில் ஒரே வரி. குறிகளை நீக்கும் வரி இருந்த இடத்தில் இதை எழுதுங்கள்.

இன்னொன்று: பயிற்சிக்குக் கொடுத்தவரின் குரலையே சோதனைக்கும் கொடுக்கக்கூடாது. காமன் வாய்ஸ் தரும் பிரிவுகளில் பேசியவர்கள் ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் கலந்து நீங்களே குலுக்கிப் பிரித்தால் மதிப்பெண் அபாரமாக வரும், கேள்வித்தாளை முன்பே பார்த்துவிட்ட மாணவனுக்கு வருவதுபோல.

எல்லாம் எழுதியபின், எழுந்தமானமாக ஐந்து பதிவுகளை எடுத்து, பக்கத்தில் வாக்கியத்தை வைத்துக்கொண்டு காதால் கேளுங்கள். மொழி புரியாவிட்டாலும் பேச்சு இழுபடுகிறதா, நீண்ட வாக்கியத்துக்கு நீண்ட பதிவு வருகிறதா, தொனிக்கோடுகள் இருக்கின்றனவா என்பது தெரிந்துவிடும். காமன் வாய்ஸில் தமிழும் இருக்கிறது. கோப்புறையின் பெயரை மட்டும் மாற்றி இதே நிரலை ஓட்டலாம்; ஓட்டியதும் முதலில் வரிகளை எண்ணுங்கள்.