வெளுத்ததெல்லாம் வெந்ததல்ல

பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில் இருக்கிறது ஜெனரல் சாண்டோஸ் நகரம். நாட்டின் சூரை மீன் தலைநகரம் என்று அதற்குப் பெயர். அங்குள்ள மீன்பிடித் துறைமுகத்தில் தூண்டிலில் பிடித்த பெரிய மஞ்சள்துடுப்புச் சூரைகளைத் தோளில் சுமந்து வந்து மேசையில் கிடத்துவார்கள். தரம் பார்ப்பவர் மெல்லிய எஃகுக் குழாயை மீனின் உடலுக்குள் செருகி உருவுவார். குழாயோடு பென்சில் கனத்தில் ஒரு துண்டு சதை வரும். அதை விரலில் தேய்த்து, நிறத்தையும் கொழுப்பையும் பார்த்து, சில நொடிகளில் தரத்தைச் சொல்லிவிடுவார். முதல் தரம் பச்சையாகச் சாப்பிடுவதற்கென்றே வெளிநாட்டுக்குப் பறக்கும். மற்றவை உறைபதன ஆலைக்கும் டப்பா ஆலைக்கும் உள்ளூர்ச் சந்தைக்கும் பிரிந்து போகும்.

அந்த உள்ளூர்ச் சந்தையில் மீன் வாங்கும் குடும்பமும் அதைப் பச்சையாகத்தான் சாப்பிடப்போகிறது. ஆனால் அவர்கள் கையில் எஃகுக் குழாய் கிடையாது.

அவர்கள் செய்வது கினிலாவ். தோலும் முள்ளும் நீக்கிய சூரையைச் சிறு சதுரங்களாக நறுக்கி, முதலில் கொஞ்சம் வினிகரை ஊற்றிப் பிசறுவார்கள். பால்போலக் கலங்கி வரும் அந்த வினிகரை மெல்லப் பிழிந்து கொட்டிவிட்டு, புது வினிகரோடு இஞ்சி, வெங்காயம், காந்தாரி போன்ற சிறு மிளகாய், உப்பு, கலமான்சி எலுமிச்சைச் சாறு சேர்ப்பார்கள். வினிகர் பெரும்பாலும் தென்னங்கள்ளைப் புளிக்கவைத்து எடுத்தது. சில ஊர்களில் தேங்காய்ப் பாலும் சேரும். வடக்கு மிண்டனாவோவில் தபோன்-தபோன் என்ற காயின் உள்சதையைச் சுரண்டி வினிகரில் கரைத்து, அந்தச் சாற்றை ஊற்றுவார்கள். மீன் வாடை அடங்கிவிடும். புத்துவான் நகர அகழாய்வில், வெட்டிய தபோன்-தபோன் காயும் மீன் முள்ளும் சேர்ந்தே கிடைத்தன. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழக்கம் என்று அதை வைத்துத்தான் சொல்கிறார்கள். இத்தனை தலைமுறை சாப்பிட்ட உணவை ஆபத்து என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவது நியாயமில்லை. ஆனால் அந்த ஆயிரம் ஆண்டில் பெரும்பகுதி, கினிலாவ் என்பது படகிலோ கரையிலோ, மீன் பிடித்த கையோடு செய்து சாப்பிட்டது. இன்று கடலுக்கும் தட்டுக்கும் நடுவே சில வாரப் பயணம், ஏலம், லாரி, சந்தைத் திட்டு, உணவகக் குளிர்பெட்டி எல்லாம் வந்துவிட்டன.

வினிகர் பட்டதும் சிவந்த சதை வெளுத்து இறுகுகிறது. அமிலம் புரதத்தின் அமைப்பைக் குலைப்பதால் வருகிற மாற்றம் இது; பார்வைக்கு வெந்ததுபோலவே இருக்கும். ‘வினிகரிலேயே வெந்துவிட்டது’ என்ற நம்பிக்கைக்கு இந்த வெளுப்புதான் காரணம். அடுப்புச் சூடு செய்கிற முக்கிய வேலையை வினிகர் செய்வதில்லை. கிருமிகளில் சிலவற்றை அது குறைக்கும், ஒரேயடியாக அழிக்காது. புழுக்களோ அமிலத்திலேயே நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கும்.

சூரையைப் பொறுத்தவரை முதலில் பயப்பட வேண்டியது புழுவுக்கல்ல, ஹிஸ்டமினுக்கு. சூரை, அயிலை வகை மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இயல்பாகவே அதிகம். மீன் செத்தபின் செவுளிலும் குடலிலும் உள்ள பாக்டீரியாக்கள் சதைக்குப் பரவி, அதை ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. பிடித்த மீன் வெயிலில் கிடந்தாலோ, ஐஸ் போதாமல் போனாலோ இந்த மாற்றம் வேகமெடுக்கும். ஒருமுறை உண்டான ஹிஸ்டமின் பிறகு போகாது. வேகவைத்தாலும் உறையவைத்தாலும் டப்பாவில் அடைத்தாலும் போகாது. வினிகரில் ஊறவைத்தாலும் அப்படியே இருக்கும். மீன் நாறவேண்டும் என்றுகூட இல்லை. சாப்பிடும்போது நாக்கில் மிளகு பட்டதுபோன்ற சுரீர் உணர்வு சிலருக்கு வரும், பலருக்கு அதுவும் வராது.

பிலிப்பைன்ஸில் துலிங்கன் என்ற சிறிய சூரை வகையைச் சமைக்கும்போது வாலை முறித்து, அதோடு வரும் நரம்பை உருவி எறிவார்கள். விஷம் அந்த நரம்பில்தான் இருக்கிறது என்பது நம்பிக்கை. ஹிஸ்டமின் இருப்பதோ சதையில். வாலை முறித்ததால் வந்த நிம்மதியில், ஐஸில்லாமல் கிடந்த மீனைத் தட்டில் வைத்துவிடுகிறார்கள்; வேதனை அதுதான்.

சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகமும் கழுத்தும் சிவக்கும். தலைவலி, படபடப்பு, அரிப்பு, வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். ஒவ்வாமைக்குக் கொடுக்கும் ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை கேட்கும். மூச்சு இரைத்தாலோ மயக்கம் வந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இதை மீன் ஒவ்வாமை என்று தவறாக நினைப்பது சகஜம். அப்படி நினைத்தால் நோயாளி வாழ்நாள் முழுக்க மீனைத் தொடமாட்டார். கெட்ட மீனை விற்றவர் மறுநாளும் விற்பார். ஒரே மீனைச் சாப்பிட்ட பலருக்கும் ஒரே நேரத்தில் இது வந்தால், குறை மீனில்தான் என்று மருத்துவரிடம் அழுத்திச் சொல்ல வேண்டும்.

ஹிஸ்டமின் உண்டாகாமல் தடுக்க ஒரே வழி, பிடித்ததும் குடலெடுத்து, ஐஸில் புதைத்து, தட்டுக்கு வரும்வரை 0 டிகிரி செல்சியஸை ஒட்டியே வைத்திருப்பது. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் ஒரு கிலோ மீனுக்கு 200 மில்லிகிராம் ஹிஸ்டமின்தான் உச்ச வரம்பு என்கிறது. அதை அளக்க ஆய்வகம் வேண்டும். வாங்குபவரால் பார்க்க முடிந்தது ஐஸ் ஒன்றைத்தான். அதனால் மீன் ஐஸுக்குள் புதைந்திருக்கிறதா, வெறுமனே மேலே கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். பளீர் சிவப்பை மட்டும் நம்பிவிடக் கூடாது. கார்பன் மோனாக்சைடு வாயு ஏற்றினால் பழைய சூரையும் பல நாள் சிவப்பாகவே நிற்கும். ஐரோப்பிய ஒன்றியமும் ஜப்பானும் இதை அனுமதிப்பதில்லை. அமெரிக்காவில் அனுமதி உண்டு.

புழு விஷயத்தில் மீனுக்கு மீன் வித்தியாசம் உண்டு. மஞ்சள்துடுப்பு போன்ற பெரிய சூரைகளில் இந்த அபாயம் குறைவு என்பதால், பச்சையாகப் பரிமாறும் மீனை உறையவைத்தே தீரவேண்டும் என்ற விதியிலிருந்து அமெரிக்க உணவு விதித்தொகுப்பு அவற்றுக்கு விலக்கு தருகிறது. கடலில் பிடிக்கும் மற்ற மீன்களுக்கு அந்த விலக்கு இல்லை. மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் வைக்கச் சொல்கிறது. வீட்டு ஃப்ரீசர் பலவற்றில் அந்தக் குளிர் வராது. ஸ்பெயினில் வினிகரில் ஊறவைத்த நெத்திலி வகை மீனால் அனிசாகிஸ் புழுத் தொற்று பரவி, பச்சையாகப் பரிமாறும் மீனை உணவகங்கள் முன்கூட்டியே உறையவைக்க வேண்டும் என்று 2006-இல் சட்டமே வந்தது.

ஆற்று மீனுக்கும் கழிமுக மீனுக்கும் கதையே வேறு. 1967, 1968 ஆண்டுகளில் லூசோன் தீவின் இலோகோஸ் சுர் மாகாணத்தில், டகுடின் ஊரின் புடோக் வெஸ்ட் கிராமத்தையும் சுற்றுப்புறத்தையும் ஓயாத வயிற்றுப்போக்கு பீடித்தது. 1,300-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். இறந்தவர்கள் 90 பேருக்குக் குறையாது. கப்பில்லாரியா பிலிப்பைனென்சிஸ் என்ற குடற்புழுதான் காரணம். நன்னீரிலும் உவர்நீரிலும் வாழும் சிறு மீன்களைப் பச்சையாகத் தின்றதால் வந்தது. இன்று மாத்திரையில் குணமாகும் நோய். கண்டுபிடிக்கத் தாமதித்தால் சத்தெல்லாம் வடிந்து உயிரே போகும். நன்னீர் மீனில் கினிலாவ் செய்வதைக் கைவிடுவதுதான் சரி. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் எந்தப் பச்சை மீனையும் தவிர்ப்பது நல்லது.

ஊற்றுகிற வினிகரும் எப்போதும் வினிகராக இருப்பதில்லை. 2019-இல் பிலிப்பைன்ஸ் அணு ஆராய்ச்சி நிறுவனம் கடை வினிகர்களைச் சோதித்தது. கள்ளிலோ கரும்பிலோ புளித்து வந்த அமிலத்தில் கார்பன்-14 இருக்கும். பெட்ரோலியத்திலிருந்து செய்ததில் இருக்காது. சோதித்தவற்றில் பெரும்பாலானவை செயற்கை அமிலம் என்று வந்தது. அடுத்து உணவு, மருந்து நிர்வாகமும் தனியே சோதித்து, ஐந்து வினிகர்களைப் பெயர் சொல்லி அறிவித்தது. உடனடி உடல்நலக் கேடு என்று அது சொல்லவில்லை. ஆனால் அந்நாட்டு விதிப்படி, புளிக்கவைத்து எடுத்ததே வினிகர். வேறொன்றை அந்தப் பெயரில் விற்பது வாங்குபவரை ஏமாற்றுவதாகும்.

யார் பொறுப்பு என்பதைச் சட்டம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. 2013-இன் உணவுப் பாதுகாப்புச் சட்டம், குடியரசுச் சட்டம் எண் 10611, பிடிப்பிலிருந்து கரைசேரும் வரையிலான மீனை வேளாண் துறையின்கீழ் உள்ள மீன்வளப் பணியகத்திடமும், பொட்டலமிட்ட உணவைச் சுகாதாரத் துறையிடமும் ஒப்படைக்கிறது. மீன் துறைமுகம், சந்தை, உணவகம், தெருவோரக் கடை எல்லாம் உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. 1975-இன் சுகாதார விதித்தொகுப்புப்படி உணவகத்துக்குச் சுகாதார அனுமதியும், உணவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் உடல்நலச் சான்றும் வேண்டும். இவற்றைக் காட்டச் சொல்லிக் கேட்பது வம்பு ஆகாது.

கடலில் நச்சுப்பாசி பெருகும் ‘செவ்வலை’ எச்சரிக்கை வரும் நாள்களில் மீன்வளப் பணியகம் வெளியிடும் அறிவிப்பை மக்கள் முழுதாகப் படிக்க வேண்டும். சிப்பி வகைகளைத் தொடாதீர்கள், மீன் சாப்பிடலாம் என்பதோடு அது நிற்பதில்லை. மீன் புதியதாக இருக்கவேண்டும், நன்றாகக் கழுவி, சமைப்பதற்கு முன் செவுளையும் குடலையும் நீக்கவேண்டும் என்று சேர்த்தே சொல்கிறது. அந்த அனுமதி சமைக்கும் மீனுக்குத்தான், கினிலாவுக்கு அல்ல.

கெட்ட மீனால் பாதிக்கப்பட்டவர் முதலில் செய்யவேண்டியது, மிச்சத்தை எறியாமல் மூடிய டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைப்பது. ரசீது, கடையின் படம், சாப்பிட்ட நேரம், உடன் சாப்பிட்டவர்கள் விவரம், மருத்துவர் எழுதிக் கொடுத்த குறிப்பு எல்லாம் சேரட்டும். நகராட்சி சுகாதார அலுவலகத்தில் சொன்னால் ஆய்வாளர் கடைக்குப் போவார். இழப்பீட்டுக்கு 1992-இன் நுகர்வோர் சட்டம், எண் 7394, இருக்கிறது. உணவு தொடர்பான புகார் சுகாதாரத் துறைக்கும், வேளாண் பொருள் தொடர்பானது வேளாண் துறைக்கும் போகும். எங்கே போவதென்று குழம்பினால் வணிக, தொழில் துறையின் 1384 எண்ணில் கேட்கலாம். தீங்கான பொருளைச் சேர்த்து உணவு தயாரித்தவர், வாங்கியவரோடு நேரடி ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் பொறுப்பு என்கிறது சிவில் சட்டத்தின் 2187-ஆம் பிரிவு. கடைக்காரர் தயாரிப்பாளரைக் கைகாட்டினால், அவர்மீதும் வழக்குத் தொடுக்கலாம்.

தமிழ்நாட்டிலிருந்து டாவோ நகருக்கு மருத்துவம் படிக்கப் போயிருக்கும் மாணவர்களுக்கும் இது பொருந்தும். அங்கே வாட்டிய பன்றி இறைச்சியும் கினிலாவும் கலந்த சினுக்லாவ் பல உணவகங்களில் கிடைக்கும். நுகர்வோர் சட்டம் வாங்குபவரைத்தான் நுகர்வோர் என்கிறது, குடியுரிமை கேட்பதில்லை. புகாருக்கான காலக்கெடு, வாங்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டு.